கொக்கோ பீட்டில் நாற்று கருகுகிறது, கல்சியம் கொடுக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

மழை விட்டு வெயில் ஏறத் தொடங்கினால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களில் உப்புத்தான் பெரிய பேச்சு. கொழும்பில் பல்கனியிலும் மொட்டைமாடியிலும் பயிர் வைக்கிறவர்கள், ஊரில் இருக்கும் காணியை இங்கிருந்தபடியே பார்த்துக்கொள்கிறவர்கள், படிக்கிற பிள்ளைகள் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எல்லாவற்றிலும் கல்சியம் வருவதால் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

கேள்வி: நாலாம் மாடியில் இருக்கிறோம். ஐந்து கிலோ கொக்கோ பீட் (பொச்சுமட்டைத் தூள்) கட்டி ஒன்று வாங்கி, ஊறவைத்து, நாற்றுத்தட்டில் மிளகாயும் தக்காளியும் போட்டேன். முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. இரண்டு மூன்று இலை விட்டதும் இலை ஓரம் பழுப்பாகி ஒவ்வொன்றாகச் சாகிறது. குழாய்த்தண்ணீர்தான் விடுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா கல்சியம் போடச் சொல்கிறார். சரியா? — வாசகி, வெள்ளவத்தை

பதில்: சரிதான் அக்கா, ஆனால் கல்சியம் போடுவதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முதலில் இது உப்புத்தானா என்று பாருங்கள். தண்டின் அடி மெலிந்து கறுத்து, இலை பச்சையாக இருக்கும்போதே நாற்று விழுந்தால் அது பங்கசு நோய், அதற்கு வைத்தியம் வேறு. நீங்கள் சொல்வதுபோல நுனியிலும் ஓரத்திலும் காய்ந்துகொண்டு வந்தால், அதுவும் கீழே இருக்கும் மூத்த இலையில் முதலில் தொடங்கினால், உப்பு என்று எடுத்துக்கொள்ளலாம். சோடியம் தண்ணீரோடு மேலே ஏறி மூத்த இலைகளில்தான் முதலில் சேரும். கல்சியக் குறைபாடு மட்டும் என்றால் நேர்மாறு, புதுத் துளிர்தான் சுருளும், கருகும்.

குழாய்த்தண்ணீரில் அவ்வளவு உப்பு ஏது என்று நினைப்பீர்கள். கடும் வறட்சியில் கடல்நீர் களனி ஆற்றில் மேலேறி அம்பத்தளையில் நீர் எடுக்கும் இடத்துக்கு அச்சுறுத்தலாவது உண்டு, அதற்காக ஆற்றுக்குக் குறுக்கே தடுப்பும் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் சாதாரண நாளில் கொழும்புக் குழாய்த்தண்ணீர் மென்மையான நல்ல தண்ணீர். உங்கள் உப்பு வந்தது கொக்கோ பீட்டில் இருந்து. பொச்சுமட்டையில் இயல்பாகவே பொற்றாசியம், சோடியம், குளோரைட்டு மூன்றும் இருக்கின்றன. போதாததற்கு, தெற்குக் கரையோரங்களில் மட்டையைக் களப்பின் உவர்நீரில் மாதக்கணக்காக ஊறப்போட்டுத் தும்பு எடுக்கும் பழக்கம் இருக்கிறது. தும்பு கயிறாகவும் மெத்தையாகவும் போய்விட, மிஞ்சுகிற தூள் அந்த உப்பையும் கட்டிக்கொண்டு உங்கள் தட்டுக்கு வருகிறது. கழுவி விற்பவர்கள் இருக்கிறார்கள், கழுவாமல் அமுக்கிக் கட்டியாக்கி விற்பவர்களும் இருக்கிறார்கள், பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதில் பலருக்குத் தெரியாத விஷயம், கழுவினால் மட்டும் எல்லா உப்பும் போகாது என்பது. தூளின் இடுக்குகளில் கரைந்து நிற்கும் உப்பு இரண்டு மூன்று தடவை அலசினால் போய்விடும். ஆனால் நார்த்துகள் எதிர்மின்னேற்றம் கொண்டது, சோடியமும் பொற்றாசியமும் அதில் ஒட்டிக்கொண்டு நிற்கும், வெறும் தண்ணீருக்கு அவை விட்டுக்கொடுக்காது. கல்சியம் வந்தால் விட்டுக்கொடுக்கும். கல்சியத்துக்கு இரட்டை மின்னேற்றம் என்பதால் நார் அதைத்தான் இறுக்கிப் பிடிக்கும், சோடியத்தை விட்டுவிடும். கழுவாத, கல்சியம் காட்டாத கொக்கோ பீட்டில் நாற்றுப் போட்டால் இந்த மாற்று வியாபாரம் நாற்றின் வேரடியிலேயே நடக்கிறது. நீங்கள் பசளையோடு கொடுக்கும் கொஞ்சக் கல்சியத்தையும் நார் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை வேருக்கு விடுகிறது. நாற்றுக்கு இரண்டு பக்கத்திலும் அடி. கொழும்புத் தண்ணீரில் இயல்பாகவே கல்சியம் குறைவு என்பதால் இங்கே இது இன்னும் மோசம்.

செய்யவேண்டியது இதுதான். கட்டியைப் பெரிய வாளியில் ஊறவையுங்கள், ஐந்து கிலோ கட்டி ஊறினால் அறுபது எழுபது லீற்றர் தூளாகப் பொங்கும், ஆகவே பாதியாக உடைத்துச் செய்வது வசதி. பழைய நுளம்புவலையிலோ சாக்கிலோ போட்டு மூன்று தடவை தண்ணீர் விட்டு வடியுங்கள், முதல் தண்ணீர் தேயிலைச் சாயம்போல வரும். அப்புறம் லீற்றருக்கு இரண்டு கிராம் கல்சியம் நைத்திரேற்று கரைத்த தண்ணீரில் தூள் முழுவதும் நனைய ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் வடித்து, நல்ல தண்ணீரால் இன்னொரு தடவை அலசிவிடுங்கள். மின்கடத்துதிறன் (தண்ணீரில் உப்புக் கூடினால் இதுவும் கூடும்) பார்க்கும் பேனா போன்ற மீற்றர் கைவசம் இருந்தால், ஒரு பங்கு தூளுக்கு ஒன்றரைப் பங்கு மழைத்தண்ணீர் கலந்து, வடித்து, அளந்து பாருங்கள். 0.5 டெசிசீமன்ஸுக்குக் கீழே வந்தால் விதை போடலாம். மீற்றர் மைக்ரோ அளவில் காட்டினால் அது 500.

இப்போது தட்டில் மிஞ்சி நிற்கும் நாற்றுகளைத் தூக்கி எறியவேண்டாம். தட்டின் அடித்துளையால் நன்றாக ஒழுகும்வரை தண்ணீர் விட்டு, அடுத்த தடவை லீற்றருக்கு அரைக் கிராம் கல்சியம் நைத்திரேற்று கரைத்து ஊற்றுங்கள். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, புதிதாக வரும் இலையைப் பார்த்துத்தான் தேறியதா என்று சொல்லவேண்டும். தட்டுக்கு அடியில் தண்ணீர் தேங்கும் தாம்பாளம் வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள், ஒழுகிய உப்புத்தான் அதில் நிற்கிறது, நாற்று அதையே திரும்ப உறிஞ்சும்.

கேள்வி: உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். கல்சியம் மண்ணிலுள்ள உப்பைக் குறைப்பதில்லை என்றால், நாற்றை எப்படிக் காப்பாற்றுகிறது? — மாணவன், பம்பலப்பிட்டி

பதில்: தம்பி, நல்ல கேள்வி, கொஞ்சம் நீட்டித்தான் சொல்லவேண்டும்.

உப்பு நாற்றை இரண்டு விதமாகத் தாக்குகிறது. ஒன்று, தண்ணீர் வெளியே இருந்தும் வேரால் அதை இழுக்க முடியாமல் போவது. இதற்குக் கல்சியம் பெரிதாக ஒன்றும் செய்யாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். மற்றது, சோடியம் உள்ளே புகுந்து பொற்றாசியத்தின் இடத்தைப் பிடிப்பது. கலத்துக்குள் நடக்கும் எத்தனையோ நொதிய வேலைகளுக்குப் பொற்றாசியம் வேண்டும், சோடியத்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது. கல்சியம் கைகொடுப்பது இங்கேதான்.

வேர்க்கலத்தின் மென்சவ்வில் கொழுப்பு மூலக்கூறுகளையும் புரதங்களையும் பிணைத்து வைத்திருப்பதில் கல்சியத்துக்குப் பங்கு உண்டு, செங்கல்லுக்கு நடுவே சாந்து நிற்பதுபோல. வெளியே சோடியம் பெருகினால் அது கல்சியத்தை அங்கிருந்து தள்ளிவிடுகிறது. சவ்வு கசியத் தொடங்குகிறது, உள்ளே இருந்த பொற்றாசியம் வெளியே ஒழுகுகிறது. பருத்தி வேரில் இதைக் காட்டிய ஆய்வு 1985இல் வந்தது. வெளியே கரைந்த கல்சியம் போதிய அளவு இருந்தால் சோடியத்தால் அவ்வளவு சுலபமாக அந்த இடத்தைப் பிடிக்க முடியாது.

அடுத்தது, சோடியம் உள்ளே வரும் வழிகள். எந்த நேரயன் என்று பெரிதாகப் பார்க்காமல் விடும் கால்வாய்கள் சில சவ்வில் இருக்கின்றன, சோடியத்தின் பெரும்பகுதி அவற்றின் ஊடாகத்தான் வருகிறது. வெளியே இருக்கும் கல்சியம் அந்தக் கால்வாய்களில் பலவற்றை மட்டுப்படுத்துகிறது.

மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. கலத்தின் உள்ளே கல்சியத்தின் அளவு எப்போதும் மிக மிகக் குறைவாக, வெளியே இருப்பதில் பல்லாயிரத்தில் ஒரு பங்காக வைக்கப்பட்டிருக்கும். உப்பு வேரைத் தொட்ட சில நொடிகளில் உள்ளே கல்சியம் சட்டென்று உயரும், அதுதான் அபாய அறிவிப்பு. எஸ்.ஓ.எஸ்.3 என்ற புரதம் அந்தக் கல்சியத்தைப் பிடித்து, எஸ்.ஓ.எஸ்.2 என்ற நொதியத்தைத் தூண்ட, அது எஸ்.ஓ.எஸ்.1 என்ற பம்பியை முடுக்கிவிடுகிறது. பம்பி சோடியத்தை வெளியே தள்ளி, அதற்குப் பதிலாக ஐதரசன் அயனை உள்ளே எடுக்கிறது. அரபிடோப்சிஸ் என்ற சிறு செடியில் உப்பைத் தாங்காத விகாரிகளைத் தேடிப் பிடித்து இந்தச் சங்கிலியைக் கண்டுபிடித்தார்கள். ஜியான் காங் ஸூவின் குழு எஸ்.ஓ.எஸ்.3 பற்றி 1998இல் எழுதியது. அந்தப் புரதம் பழுதான செடிகளுக்கு வெளியே கல்சியத்தைக் கூட்டிக் கொடுத்தபோது அவை ஓரளவு தேறின, பரீட்சைக்குப் படிக்கும்போது இந்த விஷயத்தை விட்டுவிடாதீர்கள்.

இதெல்லாம் வருவதற்கு வெகு முன்பே, 1969இல், கலிபோர்னியாவில் லாஹே, எப்ஸ்டீன் என்ற இருவர் போஞ்சிச் செடியில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கடல்நீரில் பத்தில் ஒரு பங்கு அளவு உப்பு உள்ள கரைசலில் செடிகளை ஒரு வாரம் வைத்தார்கள். கல்சியம் குறைவாக இருந்த கரைசலில் சோடியம் இலைவரை பாய்ந்து செடி கெட்டது. லீற்றருக்கு ஒரு மில்லிமோல் அளவு கல்சியம் இருந்தபோதே கண்ணுக்குத் தெரியும் பாதிப்பு இல்லை. மூன்று மில்லிமோல் வந்ததும் இலைக்குப் போகும் சோடியமே நன்றாகக் குறைந்தது. உப்பின் அளவு இரண்டிலும் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள்.

நீங்கள் இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். நன்றாக அலசிய ஆற்று மணலைப் பிளாஸ்டிக் கோப்பைகளில் நிரப்பி (அடியில் துளை போட மறக்காதீர்கள், சிப்பித் துண்டு கலந்த கடற்கரை மணல் வேண்டாம், அதிலேயே கல்சியம் உண்டு) பயறோ போஞ்சியோ முளைக்க விடுங்கள். முதல் சோடி இலை விரிந்ததும் நாலு வகையாகப் பிரித்து, ஒன்றுக்கு மழைத்தண்ணீர், ஒன்றுக்கு லீற்றருக்கு மூன்று கிராம் சாப்பாட்டு உப்பு, ஒன்றுக்கு அதே உப்போடு ஒரு கிராம் ஜிப்சம் (கல்சியம் சல்பேற்று), இன்னொன்றுக்கு ஜிப்சம் மட்டும் என்று தினமும் ஊற்றி வாருங்கள். ஒவ்வொரு வகையிலும் ஐந்தாறு கோப்பையாவது வேண்டும், ஒரு செடியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. உப்பை மட்டும் வாங்கிய இலையின் ஓரத்தையும் மற்றவற்றையும் ஒரு வாரம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

கேள்வி: முட்டைக்கோதைப் பொடித்துப் போட்டால் போதாதா? வெற்றிலைச் சுண்ணாம்பு கரைத்து ஊற்றலாம் என்றும் சொல்கிறார்கள். — வாசகி, தெகிவளை

பதில்: சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம். அது கடும் காரம், கரைசலின் பி.எச். 12ஐத் தாண்டும், பிஞ்சு வேர் வெந்துபோகும்.

முட்டைக்கோது கெடுதல் செய்யாது, ஆனால் அவசரத்துக்கு உதவாது. அதில் ஏறத்தாழ எல்லாமே கல்சியம் காபனேற்று, அது சுத்தத் தண்ணீரில் லீற்றருக்குப் பதினைந்து மில்லிகிராம் அளவுகூடக் கரைவது கஷ்டம். ஜிப்சம் இரண்டு கிராமுக்கு மேல் கரையும். நாற்றுக்கு வேண்டியது மண்ணில் கிடக்கும் கல்சியம் அல்ல, வேரைச் சுற்றியுள்ள தண்ணீரில் கரைந்து நிற்கும் கல்சியம். புளிப்பு மண்ணில் பொடித்த கோது மாதக்கணக்கில் மெல்லக் கரைந்து வேலை செய்யும், மூன்று வாரத்து நாற்றுக்கு அது வந்து சேராது.

கோதையே பாவிக்கவேண்டும் என்று விருப்பமானால் வினாகிரியில் கரையுங்கள். ஒரு கோதைக் கழுவி உலர்த்திப் பொடித்து, போத்தலில் இருக்கும் சாதாரண வினாகிரி நூற்றைம்பது மில்லிலீற்றர் விட்டால் நுரைத்துக் கரையும். நுரை நின்றபிறகும் அடியில் கொஞ்சக் கோது மிஞ்சவேண்டும், அப்போதுதான் அமிலம் முடிந்துவிட்டது என்று நம்பலாம், மிஞ்சாவிட்டால் இன்னும் கொஞ்சம் போடுங்கள். அதை வடித்துப் பன்னிரண்டு லீற்றர் தண்ணீரில் கலந்தால் நாற்றுக்கு ஏற்ற அளவு வரும். அன்றைக்கே ஊற்றி முடியுங்கள், வைத்திருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். என்னைக் கேட்டால் ஜிப்சமே சுகம்.

ஜிப்சம் என்று சொல்லிக் கையில் தருவது உண்மையில் ஜிப்சமா, சுண்ணக்கல் தூளா என்று சந்தேகமென்றால் கொஞ்சம் எடுத்து அதன்மேல் வினாகிரி சொட்டுங்கள். நுரைத்தால் சுண்ணக்கல். ஜிப்சம் சும்மா இருக்கும்.

கேள்வி: கடலைப் பார்த்த பல்கனி. தென்மேல் காற்று வீசும் காலத்தில் கீரை, கத்தரி நாற்று எல்லாம் ஒரு பக்கமாகக் கருகுகிறது. கல்சியம் உதவுமா? — வாசகர், வெள்ளவத்தை

பதில்: உதவாது. அது காற்றில் வந்து இலையில் படியும் உப்பு, வேரில் என்ன கொடுத்தாலும் அங்கே போய் நிற்காது. மே முதல் செப்டெம்பர்வரை காலையில் ஒருதரம் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிடுங்கள், காற்று வரும் பக்கம் நிழல்வலை கட்டுங்கள். நாற்றை மட்டுமாவது ஆறு இலை வரும்வரை வீட்டின் மறுபக்கத்தில் வையுங்கள்.

கேள்வி: நாங்கள் கொழும்பில் இருந்தாலும் யாழ்ப்பாணத்து வேலணைத் தீவில் தோட்டக்காணி இருக்கிறது. கிணறு கோடையில் சவர்த்தண்ணீராகிவிடுகிறது. மிளகாய் நாற்றுமேடை போடத் தம்பி கேட்கிறான். ஜிப்சம் வாங்கி அனுப்பட்டுமா? — வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: ஐயா, காசு செலவழிக்க முன் தண்ணீரைப் பரிசோதியுங்கள். உங்கள் நிலைமை வெள்ளவத்தை அக்காவின் நிலைமைக்கு நேர் எதிர். யாழ்ப்பாணத்துத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள் இருந்து வருவது, கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது கல்சியம்தான். மண்ணிலும் சுண்ணம் இருக்கிறது. கல்சியத்துக்குக் குறைவில்லாத இடத்தில் மேலும் கல்சியம் போட்டால் உப்பின் மொத்த அளவு கூடுவதைத் தவிர வேறு பலன் கிடைக்காமல் போகலாம்.

ஆனால் தீவுப்பகுதியில் இன்னொரு விஷயம் உண்டு. அங்கே நன்னீர் என்பது கீழே இருக்கும் கடல்நீரின்மேல் மிதக்கும் மெல்லிய படை. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது மீற்றர்வரை கடல்நீரைத் தள்ளி வைக்கும் என்பது கணக்கு. மேலே ஒரு சாண் குறைந்தாலே கீழே எவ்வளவு ஏறும் என்று யோசித்துப் பாருங்கள், மோட்டர் போட்டு இறைக்க இறைக்க அதுதான் நடக்கிறது. கடல்நீரில் கல்சியமும் இருக்கிறது, ஆனால் ஒரு கல்சிய அயனுக்கு நாற்பதுக்கு மேல் சோடிய அயன். ஆகவே கிணற்றில் கடல் கலக்கக் கலக்க இந்த விகிதம் கெட்டுக்கொண்டு போகும்.

பரிசோதனை அறிக்கையில் சோடியமும் கல்சியமும் லீற்றருக்கு மில்லிகிராமில் வரும். சோடியத்தை 23ஆலும் கல்சியத்தை 40ஆலும் வகுத்து ஒப்பிடுங்கள். உதாரணத்துக்கு, சோடியம் 460, கல்சியம் 80 என்றால் இருபதுக்கு இரண்டு, அதாவது பத்துக்கு ஒன்று, ஜிப்சம் தேவைப்படாது. கல்சியம் அதே 80 ஆக இருக்க சோடியம் 920 என்றால் இருபதுக்கு ஒன்று. அப்போது தண்ணீர்த் தாங்கியில் லீற்றருக்கு ஒரு கிராம்போல ஜிப்சம் கலந்து, கிளறி, ஓர் இரவு வைத்து ஊற்றினால் நாற்றுக்குப் பலன் தெரியும். ஆனால் அவ்வளவு சோடியம் ஏறிய தண்ணீரில் மிளகாய் நாற்று வளர்ப்பதே சரியில்லை என்பதுதான் என் எண்ணம். மண்கரைசலின் மின்கடத்துதிறன் 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே மிளகாயின் விளைச்சல் குறையத் தொடங்கும், வெங்காயத்துக்கு 1.2, போஞ்சிக்கு 1தான். வளர்ந்த பயிருக்கே இப்படி. நாற்றின் வேரோ மேல் ஓரிரு அங்குலத்தில்தான் நிற்கிறது, வெயிலில் தண்ணீர் ஆவியாகி உப்பு வந்து குவிவதும் அந்த இடத்தில்தான்.

மிளகாய் நாற்றுக்குத் தண்ணீர் எவ்வளவு வேண்டும்? ஒரு சின்ன மேடைக்கு நாளுக்கு சில வாளி. மாரியில் கூரைத்தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைத்து, நாற்றுத்தட்டில், நிழலில், அந்தத் தண்ணீரால் மட்டும் நாற்றை எழுப்பச் சொல்லுங்கள். மழைத்தண்ணீரில் கல்சியம் கிடையாது, அதனால் அதற்கு லீற்றருக்கு அரைக் கிராம் ஜிப்சம் போடுவது நல்லது. நடுகைக்கு ஒரு வாரம் இருக்கும்போது கிணற்றுத்தண்ணீரை மெல்ல மெல்லக் கலந்து பழக்கட்டும்.

காணியில் மண் இறுகி, மழை பெய்தால் மேலே பொருக்குக் கட்டி நின்றால் அது சோடியம் களியில் ஏறியதன் அடையாளம். அந்த இடத்துக்கு ஜிப்சம் தூவலாம், ஆனால் ஐப்பசி மழைக்குச் சற்று முன்னதாக. கழற்றிவிட்ட சோடியத்தைக் கீழே கொண்டுபோக மழை வேண்டும். கோடையில் தூவினால் பிரயோசனம் இல்லை.

கேள்வி: பூநகரியில் வயல். விதைத்து இரண்டு மூன்று கிழமையில் பயிர் மஞ்சளாகிக் கருகுகிறது. நெல்லுக்கும் கல்சியம் கொடுக்கலாமா? — வாசகர், மட்டக்குளி

பதில்: நெல்லில் கல்சியத்தை நம்பி இருக்கவேண்டாம். போஞ்சியிலும் பருத்தியிலும் தெரிந்த பலன் நெல்லில் அவ்வளவு தெளிவாக வரவில்லை. இயோ, பிளவர்ஸ் என்ற ஆய்வாளர்கள் சோடிய–கல்சிய விகிதத்தை மாற்றிப் பார்த்து, நெல் உறிஞ்சும் உப்பில் வித்தியாசம் காணவில்லை என்று 1985இலேயே எழுதினார்கள். நெல்வேரில் சோடியத்தின் பெரும்பங்கு கலங்களுக்குள் புகாமல், கலங்களுக்கு இடையே உள்ள பக்கவழியால் தண்ணீரோடு நேராக மேலே போய்விடுகிறது. கல்சியம் காவல் செய்யும் சவ்வை அது தாண்டவே தேவையில்லை. சிலிக்கன்தான் அந்தப் பக்கவழியை ஓரளவு அடைக்கிறது, உமியில் அது நிறைய உண்டு, ஆகவே உமிக்கரி, உமிச்சாம்பல் கிடைத்தால் நாற்றுமேடைக்குப் போடச் சொல்லுங்கள்.

நெல் முளைக்கும்போது உப்பைத் தாங்கும், இரண்டு மூன்று இலைப் பருவத்தில்தான் தாங்காது, அப்புறம் பூக்கும் காலத்தில் மறுபடியும் கஷ்டப்படும். நீங்கள் சொல்லும் நாள்கணக்கு அதோடு பொருந்துகிறது. அந்த வயலில் நேரடி விதைப்பை விட்டு, நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் நாற்று எழுப்பி, இருபத்தைந்து முப்பது நாள் முற்றியதை நடுங்கள். மழைத்தண்ணீரை வயலில் கட்டி ஒருதரம் வடித்துவிட்டு நடுவது நல்லது. இனத்தையும் மாற்றிப் பாருங்கள், அம்பலாந்தோட்டையில் உருவான ஏ.ரி. 354 உவர் தாங்கும் இனம், உங்கள் பக்கத்துக் கமநல சேவை நிலையத்தில் கேளுங்கள்.

கேள்வி: தொட்டித் தக்காளி நன்றாக வளர்ந்து காய்த்தது. காயின் அடிப்பக்கம் கறுத்து அமுங்குகிறது. இதுவும் உப்பா? — வாசகி, வத்தளை

பதில்: பெரும்பாலும் ஆம். கல்சியம் தண்ணீரோடுதான் மேலே ஏறும், ஆவியுயிர்ப்பு அதிகமாக நடக்கும் இலைக்குத்தான் பெரும்பங்கு போகும், காய்க்கு வருவது மிச்சம். இலையில் சேர்ந்தது திரும்பிக் காய்க்கு வருவதும் இல்லை. தொட்டியில் உப்புச் சேர்ந்து வேர் உறிஞ்சும் தண்ணீர் குறைந்தால் முதலில் பட்டினி கிடப்பது காயின் அடிநுனிதான். அதனால் இலையில் கல்சியம் தெளிப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. தொட்டியின் விளிம்பில் வெள்ளைப் படிவு இருந்தால், அடித்துளையால் தாராளமாக ஒழுகும்வரை தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். கோழி எருவையும் யூரியாவையும் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றாமல், ஒரே அளவாகக் கொடுங்கள். கறுத்த காயைப் பறித்து எறிந்துவிடலாம், அடுத்து வரும் குலை சரியாக வரும்.

கேள்வி: கல்சியம் நைத்திரேற்று, ஜிப்சம், கல்சியம் குளோரைட்டு மூன்றில் எது? எவ்வளவு, எத்தனை தடவை? — பலர்

பதில்: மொட்டைமாடி நாற்றுக்குக் கல்சியம் நைத்திரேற்று வசதி, உடனே கரையும், நைதரசனும் கிடைக்கும். லீற்றருக்கு அரைக் கிராம் போதும், வேறு பசளை கொடுக்கிறீர்கள் என்றால் அதன் நைதரசனையும் கணக்கில் எடுங்கள், மிஞ்சினால் நாற்று நெட்டையாகித் துவளும். அதை எப்சம் உப்போடோ பொசுபேற்றுப் பசளையோடோ ஒரே போத்தலில் செறிவாகக் கலந்து வைக்கவேண்டாம், வெள்ளையாகத் திரண்டு அடியில் படிந்துவிடும், செடிக்கு ஒன்றும் போகாது.

ஜிப்சம் மலிவு, நைதரசனைக் கூட்டாது, மண்ணின் பி.எச்.சையும் பெரிதாக மாற்றாது. சமமாக வழித்த தேக்கரண்டி ஒன்று ஏறத்தாழ நாலைந்து கிராம், அதை எட்டு லீற்றர் வாளிக்குப் போட்டு இரவு முழுவதும் வைத்துக் கிளறுங்கள். அடியில் மிஞ்சுவதை ஊற்றவேண்டாம்.

கல்சியம் குளோரைட்டை உப்புப் பிடித்த மண்ணுக்கு நான் சொல்லமாட்டேன், கல்சியத்தோடு குளோரைட்டும் கூடுகிறது, போஞ்சி போன்ற பயிர்களுக்கு அதுவே நஞ்சு. விதை ஊறவைக்க மட்டும் பாவிக்கலாம். லீற்றருக்கு ஒன்றரைக் கிராம் கரைத்து, விதையைச் சில மணி நேரம் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி விதைத்தால் நாற்று உப்பைக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும்.

இரண்டாவது இலை வரும் நாளில் தொடங்கி, வாரத்துக்கு இரண்டு தடவை, நடுகைவரை கொடுங்கள். நாற்று கருகிய பிறகு கொடுப்பதைவிட உப்பு வேரைத் தொடும் முன்பே கல்சியம் அங்கே இருக்கவேண்டும். நடுவில் ஒரு தடவை வெறும் தண்ணீர் விட்டு ஒழுகவிடுங்கள்.